நடவுக் கூலியும் புற்றுநோய்ச் சோதனையும்

பிசான நடவு நாட்களில் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய்ப் பாசன ஊர்களில் காலை வேளையில் பெண்களை வீட்டில் பார்ப்பது அரிது. எல்லோரும் சேற்றில் நிற்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குப் போக வேண்டியதும் அதே பகல் நேரத்தில்தான்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடு முழுவதற்கும் 1.9 சதவீதம்தான் என்பதால் இதைப் பெருமையாகச் சொல்வோரும் உண்டு. 100 பேரில் 90 பேர் விட்டுப்போனதில் என்ன பெருமை?

இந்த நோய் ஒரே நாளில் வருவதல்ல. முற்றுவதற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாற்றங்காலிலேயே இலை நுனியில் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலைக் கண்டால் நுனியைக் கிள்ளி எறிந்துவிடலாம். வெண்கதிர் வந்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை. சோதனையும் நாற்றங்கால் வேலைதான். நர்ஸ் காடிநீர் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார். சில நிமிடம் போதும்.

பெண்கள் வராததற்குக் கூச்சமும் பயமும் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. மறுபாதி கூலி. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி 10 பேர் கூட்டாக நடும்போது ஒருத்தி நின்றால் அவள் பங்கை மற்ற 9 பேர் நட வேண்டும். கூட்டாளிகளுக்குப் பாரம் வைக்க யாருக்கும் மனம் வராது. அடுத்த வயலுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்கால விடுப்பில் பணம் கொடுக்க 1948லேயே ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. வயல் கூலிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

நடவு முடிந்தால் சுளகு மடிக்கு வந்துவிடும். முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். 1000 பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. சுற்றாத நேரத்துக்குக் காசில்லை. பீடித் தொழிலாளர் நலநிதிக்கு 1976ல் சட்டம் வந்தது. முக்கூடலில் அவர்களுக்கென்றே மருத்துவமனையும் கட்டப்பட்டது. அந்த நிதிக்கு வந்த தீர்வை 2017ல் ஜி.எஸ்.டி.யோடு நின்றுபோனது. ஆஸ்பத்திரி இருந்தாலும் அங்கே போகும் அரை நாளை யார் கொடுப்பது?

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவ நிலையத்தார் 2000ல் தொடங்கிய ஆய்வில் சோதனையை ஊருக்கே கொண்டுபோனார்கள். தகுந்தவர்களுக்கு அதே வருகையில் சிகிச்சையும் செய்தார்கள். இரண்டாம் நாள் கூலி மிஞ்சியது. 49,311 பெண்களை அழைத்ததில் 31,343 பேர் வந்தனர். அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் சாவு, அழைக்கப்படாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007ல் முடிவு வெளியாயிற்று. வாசலுக்கே வந்தபோதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

நம் பக்கத்தில் நடவுக்கும் முதல் களைக்கும் இடையே இரண்டு வாரம் போல ஓய்வு கிடைக்கும். முகாமை அந்த நாட்களில், அதுவும் மாலையில், ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வைக்கும்படி கிராம சபையில் கேட்கலாம். நடவு நடுவே போக நேர்ந்தால் 10 பேருக்கு அரை நாள் என்பது 5 ஆள் கூலி. ஒரு மடைக்குப் பாயும் நிலக்காரர்கள் பிரித்துக்கொண்டால் சிறு விவசாயிக்கும் பெரிய சுமையாகாது. அவர் மனைவியும் அந்த வரிசையில்தானே நிற்கிறார்? அவருக்கு மாடும் பாலும் வேறு காத்திருக்கும். லீவு கேட்க முதலாளிகூடக் கிடையாது.

திட்டு தெரிந்து பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் இன்னொரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். பலர் நின்றுவிடுவது அங்கேதான். கூலியைப் பிரித்துக்கொள்கிறவர்கள் அந்த நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.