ஒரு மலை பாக்கி

காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு பழைய கடனை ஞாபகப்படுத்தினாள்.

"அப்பா, மலை மேல டென்ட் போட்டுத் தூங்கலாம்னீங்களே... எப்ப?"

சொன்னது போன வருஷம். பல் பிடுங்கப் போன இடத்தில், அவள் வாயைத் திறக்க வைப்பதற்காக. பல்லை டாக்டர் எடுத்துக்கொண்டார். கடன் மட்டும் என் பேரில் நின்றுவிட்டது.

அடியேன் பி.காம். ஒரு பேப்பரில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதினால்தான் எனக்கு மூளையே ஓடும். எழுதினேன். இடம் ஏலகிரி. சென்னையிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ். உயரம் சுமார் 1,100 மீட்டர், ஊட்டியில் பாதிதான். நண்பர் ஒருவருக்கு மேலே தோட்டமும் சின்ன ஓட்டு வீடும் உண்டு. டென்ட்டை அவர் வாசலில் போட்டுக்கொள்ளலாம். (காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க வனத்துறை விடாது. விடவும் கூடாது.) மறுநாள் காலை முறைப்படி அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு, மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமி மலை ஏறி இறங்குவது.

திட்டம் பிரமாதம். வானம்தான் கையெழுத்துப் போடவில்லை. அந்த மாவட்டத்துக்கு இடியுடன் மழை, மஞ்சள் எச்சரிக்கை என்றது வானிலை மையம்.

"மஞ்சள்னா மங்களகரம்தானேடா?" என்றாள் அம்மா.

இல்லை அம்மா. பச்சை என்றால் கவலை வேண்டாம். மஞ்சள் என்றால் ஒரு கண் வைத்திரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. அவர்கள் 'கனமழை' என்று சொன்னால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். 115.6-ஐத் தொட்டால் 'மிகக் கனமழை'. ஆனால் ஒரு சங்கடம். இதெல்லாம் மாவட்டம் முழுசுக்கும் சொல்வது. மழை என் மகள் தலையில் விழுமா, பக்கத்து மலையில் விழுமா என்று யாராலும் முதல் நாளே சொல்ல முடியாது. ஆகவே முடிவு செய்தேன்: ஆரஞ்சு ஆனால் டிக்கெட் கேன்சல், மஞ்சளாகவே இருந்தால் ஜாக்கிரதையாகக் கிளம்புவது.

மூட்டை கட்டினேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் குளிர் ஏறும். எனவே மாற்று உடுப்பு, ஸ்வெட்டர் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டியாயிற்று. ரெயின்கோட், டார்ச், கடலை மிட்டாய், விசில். (விசில், அவள் வழி தவறினால் ஊத. ஜோலார்பேட்டை வரைக்கும் ரயிலில் ஊதிக்கொண்டு வந்தாள்.)

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் சகதர்மிணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏறுறதுக்கு இவ்வளவு எழுதியிருக்கீங்களே, எப்பத் திரும்புவீங்கன்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதவில்லை.

2018 மார்ச் 11-ம் தேதியை அவள் மறக்கவில்லை. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிவிட்டு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய நாள். இருபது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அன்று வந்தது தீ, இங்கே மழை. ஆனாலும் மலையில் எதுவும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின.

பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் எழுதினோம். ஒன்று: காலை ஆறு மணிக்குக் கிளம்புவது. (இந்த சீசனில் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கட்டும்.) இரண்டு: ஒன்பதரை ஆனால், எங்கே நின்றாலும் திரும்புவது. மூன்று: மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், அந்த நிமிஷமே திரும்புவது. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் மூன்று விநாடி; முப்பது என்றால் பத்து கிலோமீட்டர். அதற்குள் இடி இருந்தால் அடுத்த மின்னல் நம் பக்கம் விழலாம். கீழே நானும் மகளும் கையெழுத்துப் போட்டோம். அவள் பேப்பரை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். கடன்காரனிடம் பத்திரத்தைக் கொடுத்து வைக்க அவளுக்கு இஷ்டமில்லை.

ஏலகிரிப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவில் என் மகள் தன் பங்குக்குக் காலை இட்லியைக் கொடுத்தாள்.

ராத்திரி டென்ட்டுக்குள் தூறல் சத்தம். "சூப்பரா இருக்குப்பா" என்றவள், இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "ஓட்டு வீட்டுக்குள்ள போலாமா?" என்றாள். போனோம். வீட்டு வாசலில் டென்ட் போட்டதன் அருமை எனக்கு அப்போது தெரிந்தது.

காலை வானம் துடைத்து விட்டது போல இருந்தது. ஏறினோம். எட்டே முக்காலுக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் கிழக்கே ஒரு வெளிச்சம். மகள் எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டில் இடி.

ஆறு கிலோமீட்டர். மேலே பார்த்தேன். இன்னும் கால் மணி நேரம்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு... என்று மனசு கணக்கைத் திருத்தப் பார்த்தது. "சீக்கிரமா ஓடிப் போய்த் தொட்டுட்டு வந்துடலாமா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

வழிகாட்டி வாயைத் திறப்பதற்குள் மகள் பையைத் திறந்தாள்.

"அப்பா, இங்க நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"பாப்பா சொல்றதுதான் சார் சரி" என்றார் வழிகாட்டி. இறங்கினோம்.

இதற்கு மேல்தான் விசேஷம். மழை வரவே இல்லை. கீழே வந்து டீ குடிக்கும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. மகள் மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அப்ப நாம போயிருக்கலாமாப்பா?"

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: வரப்போகிற லாபத்தை முன்கூட்டிக் கணக்கில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வை. பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க். அர்த்தம் புரிந்தது அந்த டீக்கடையில்தான்.

"மழை வரலைங்கிறதாலே நாம திரும்பினது தப்பாயிடாதும்மா. மேலே நிக்கும்போது நமக்குத் தெரிஞ்சது இடி மட்டும்தானே?" என்றேன். எட்டு வயசுக்கு இது எவ்வளவு புரிந்ததோ!

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது அந்தப் பேப்பர் விழுந்தது. இரண்டு கையெழுத்துக்கும் கீழே, கோணல் எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது:

'சுவாமி மலை - பாக்கி. அப்பா தரணும்.'

தருகிறேன் தாயே. வானம் கையெழுத்துப் போடட்டும்.