மியூச்சுவல் என்றால் இரு பக்கமும்!

‘மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் கிடைச்சிடுச்சு’ என்று ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை சந்தோஷப்பட்டால், அந்தச் சந்தோஷத்தில் இன்னோர் ஆசிரியருக்கும் பங்கு உண்டு. மதுரையில் இருப்பவர் தேனிக்கும், தேனியில் இருப்பவர் மதுரைக்கும் போக இருவருமே சம்மதித்திருக்கிறார்கள். அரசு ஆணைகளில் இதற்கு அழகான பெயர்: மனமொத்த மாறுதல்.

மியூச்சுவல் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கடனாகப் பெற்றது, மாற்றிக்கொண்டது என்று பொருள். நான் உங்களை மதிக்கிறேன், நீங்களும் என்னை மதிக்கிறீர்கள் என்றால் அது மியூச்சுவல் ரெஸ்பெக்ட். ஒருவர் மட்டும் மதித்தால் அது வெறும் ரெஸ்பெக்ட்தான். ஒருதலைக் காதல் ஒருநாளும் மியூச்சுவல் ஆகாது. ஆனால், இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காவிட்டால் அந்த வெறுப்பையும் மியூச்சுவல் என்று சொல்லலாம்!

அப்படியானால் ‘மியூச்சுவல் ஃபிரெண்ட்’? இருவருக்கும் பொதுவான நண்பரை ‘காமன் ஃபிரெண்ட்’ என்பதே சரி என்று இலக்கணக்காரர்கள் வாதாடியது உண்டு. ஆனால் ‘காமன்’ என்பதற்குத் தரக்குறைவான என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதே! நண்பரை அப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும்? 1864-65-ல் தொடராக வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் நாவலுக்கே ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’ என்றுதான் பெயர். இன்று ஃபேஸ்புக்கிலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு தவறை மட்டும் தவிர்க்கலாம். ‘மியூச்சுவல் ரெஸ்பெக்ட் ஃபார் ஈச் அதர்’ என்று எழுத வேண்டாம். ‘ஒருவருக்கொருவர்’ என்பது மியூச்சுவலுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தச் சொல்லின் முழு அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம். ‘கையெழுத்துப் போட்டாச்சு, மியூச்சுவல் டிவோர்ஸ்தான், இனி பேச என்ன இருக்கு?’ என்று உறவினர்கள் சொல்வது உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்த தம்பதி சேர்ந்து மனு கொடுக்க வேண்டும். பொதுவாக ஆறு மாதம் கழித்து, இருவருமே மறுபடியும் கேட்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடுவில் ஒருவர் மனம் மாறினால், அந்தப் பிரிவின் கீழ் விவாகரத்து இல்லை.

கையெழுத்து இரண்டு இருந்தால் மட்டும் போதாது. மனசும் இரண்டு இருக்க வேண்டும். அதுதான் மியூச்சுவல்.