வண்டிக்குள் ஒரு வண்டு



இம்முறை ஒரு சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1977 கலவரத்தில் என் பெற்றோர் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். 2009இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பின்னர் பிள்ளைகளோடு ஹற்றனில் உள்ள உறவுகளிடம் வந்து சேர்ந்தேன். பழைய சிறிய கார் ஒன்றை வாங்கி ஹயர் ஓடுகிறேன். தோட்டத்துப் பெண்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதுதான் பெரும்பாலும் என் ஓட்டம்.

ஒருநாள் கர்ப்பிணித் தங்கச்சி ஒருத்தியையும் அவளுடைய மாமியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். கொட்டகலை தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் ஏற்றத்தில், காரின் முன்பக்கத்திலிருந்து "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல். என் கைகள் ஸ்டியரிங்கில் விறைத்துப் போயின. வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேவு விமானத்தை நாம் "வண்டு" என்போம். வண்டு இரைந்தால் பின்னால் என்ன வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மூச்சு வரும்வரை இருந்தேன்.

மறுநாள் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த பாஸ் பொனட்டைக்கூடச் சரியாகத் திறந்து பார்க்கவில்லை. "எஞ்சினை இறக்கித்தான் பார்க்கணும் மிஸ். உங்களுக்குச் சொன்னா விளங்காது" என்றார். அவர் கேட்ட தொகை என் மூன்று மாத வருமானம். திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் லயத்தில் ஒரு மாமா இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் மெசின்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். "புள்ள, சத்தத்தக் கண்டு ஓடாத. அது எங்கிருந்து வருதுன்னு கேளு" என்றார். கேட்கும் முறையையும் சொல்லித் தந்தார். உங்களுக்கும் பயன்படும் என்பதால் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில், சத்தம் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். காரை நிறுத்தி, கியரில் போடாமல், எஞ்சினை மட்டும் வேகப்படுத்தினேன். சத்தமும் கூடவே ஏறியது. ஆகவே சில்லில் குறை இல்லை, எஞ்சின் பக்கம்தான்.

அடுத்து பான் பெல்ட். பனிக்குளிர்க் காலையில் பெல்ட் "கீச்" என்று கத்துவது மலைநாட்டில் வழக்கம். பெல்ட்டின் மீது சில துளி தண்ணீர் தெளித்தால் அந்தக் கீச்சொலி மாறும். என் சத்தம் மாறவில்லை.

பின்னர் எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டோம். சத்தமே இல்லை! என் காரில் அந்த ஒரு பெல்ட்தான் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டர்னேட்டரையும் தண்ணீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி.

மீண்டும் பெல்ட்டைப் பூட்டி, நீண்ட ஸ்க்ரூட்ரைவர் ஒன்றின் நுனியைச் சுழலாத பாகத்தில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டேன். (தலைமுடியையும் துப்பட்டாவையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஓடும் பெல்ட் எதையும் இழுத்துவிடும்.) ஒல்டர்னேட்டர் அமைதியாக இருந்தது. பம்ப்பில் வைத்ததும் காதுக்குள் வண்டு இரைந்தது. எஞ்சினை நிறுத்தி அதன் சில்லைக் கையால் ஆட்டினேன். ஆடியது. பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையைச் சுற்றி, காய்ந்த பச்சைக் கறை. உள்ளே பெயாரிங் தேய்ந்து, சீலும் கசிந்திருக்கிறது.

அது இறுகி நின்றிருந்தால் பெல்ட் அறுந்திருக்கும். தண்ணீர் ஓட்டம் நின்று எஞ்சின் கொதித்திருக்கும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். றேடியேற்றர் மூடி தரும் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. ஆகவே மலையில் தண்ணீர்க் கசிவைச் சிறிதென்று விடக்கூடாது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவும் கூடாது.

பம்ப்பை மட்டும் வாங்கி, மாமாவின் உதவியோடு மாற்றினேன். கராஜில் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

"பெண்ணுக்கு விளங்காது" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1888இல் ஜேர்மனியில் பேர்தா பென்ஸ் என்ற பெண், கணவரிடம் சொல்லாமல், அவர் செய்த காரில் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் போனார். வழியில் அடைத்த எரிபொருள் குழாயைத் தன் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். காரின் முதல் நெடும்பயணமே ஒரு பெண்ணுடையதுதான்.

சகோதரிகளே, யுத்தம் எம் காதுகளைப் பழக்கிவிட்டது. எந்தச் சத்தம் தலைக்கு மேலால் போகும், எது அருகில் விழும் என்று கேட்டே உயிர் தப்பினோம். அந்தக் காது இன்றும் எம்மோடு இருக்கிறது. கதவு அடித்தாலும் திடுக்கிடுகிறோம், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. எனக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனால் அந்த "வண்டு" எங்கே இருந்தது என்று இப்போது தெரியும். கழற்றிய பம்ப் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. சின்னவன் அதைச் சுற்றி விளையாடுகிறான்.

போன வாரம் அதே தங்கச்சியை மறுபடி கிளினிக்குக்குக் கொண்டு போனேன். டெவன் ஏற்றத்தில் காது தானாகக் கூர்மையானது. எஞ்சினின் வழக்கமான சத்தம் மட்டும்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.