கிளிப் போட முன்னர் கேட்க வேண்டிய கேள்வி



போன கிழமை எங்கள் பாடசாலைக்கு ஒரு உம்மா வந்திருந்தா. மகளுக்குப் பதினேழு வயது. கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளி வளர்ந்திருக்கிறது. "சேர், ஒப்பரேசன் செய்யணும் எண்டு சொல்லிட்டாங்க. அதுக்கு முதல் ஒண்டர வருசம் கிளிப் போடணுமாம். நேரா ஒப்பரேசனச் செஞ்சா என்ன? கலியாணப் பேச்சும் வருது" என்று கேட்டா. ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். உண்மையைச் சொன்னால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதன் பிறகுதான் வாசித்தோம், தெரிந்த பல் வைத்தியர்களிடமும் கேட்டோம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறோம்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பிள்ளை சாப்பிடுவதை ஒரு நாள் பார்க்க வேண்டும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பராட்டாவைக் கையால் பிய்த்துப் பின்பல்லில் வைத்துத்தான் மெல்லுகிறாள். ஓதும்போது 'ஃபா' சரியாக வராது. மேல் முன்பல் கீழுதட்டைத் தொட்டால்தானே அந்த எழுத்து பிறக்கும்? மதரசாவில் இதற்காக அடி வாங்கிய பிள்ளைகளும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களின் தாடை எலும்புக்கு நாம் பிரம்பால் வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

சரி, ஏன் முதலில் கிளிப்? தாடை கோணலாக வளரும்போது பற்கள் சும்மா இருப்பதில்லை. கீழ்த்தாடை முன்னுக்குப் போனால் கீழ்ப்பற்கள் உள்ளே சாயும், மேற்பற்கள் வெளியே சாயும், எப்படியாவது ஒன்றையொன்று சந்திக்கப் பார்க்கும். எலும்பில் பத்து மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் பல்லில் நாலு மில்லிமீற்றர் மாதிரித்தான் தெரியும். அப்படியே வைத்து ஒப்பரேசன் செய்தால், நாலு மில்லிமீற்றர் நகர்த்தியதுமே பல்லோடு பல் முட்டிவிடும். மீதி ஆறு அப்படியே நிற்கும். நிலை கோணலான வீட்டில் கதவைச் சீவிச் சீவிப் பொருத்தியிருப்போம். பிறகு நிலையை நிமிர்த்தினால் அந்தக் கதவு பொருந்துமா? முதலில் கதவை நேராக்க வேண்டும். அந்த வேலையைத்தான் கிளிப் செய்கிறது. வழமையாக ஒரு வருடம் தொடக்கம் ஒன்றரை வருடம் எடுக்கும், சிலருக்கு அதைவிடவும் கூடும். ஒப்பரேசனுக்குப் பிறகும் சில மாதங்கள் கிளிப் இருக்கும்.

இங்கே ஒரு விசயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாய்ந்த பற்களை நிமிர்த்தும்போது முகம் இன்னும் மோசமாகத் தெரியும். மறைந்திருந்த கோணல் முழுதாக வெளியே வரும். வைத்தியம் பிழைத்துவிட்டது என்று பயந்து கம்பியைக் கழற்றச் சொல்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் ஓடுகிறார்கள். அதே மாதங்களில்தான் பெருநாள் வீட்டில் மாமிமார் "என்னடி, நாடி இன்னும் நீண்டுட்டு?" என்று கேட்பார்கள். மாமிமாரிடம் தாழ்மையான வேண்டுகோள், ஒன்றரை வருடம் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஒப்பரேசனை முதலில் செய்யும் முறையும் பொய்யில்லை. ஜப்பானின் செண்டாய் நகர வைத்தியர்கள் 2009இல் அதைப் பற்றி எழுதிய பிறகு பல நாடுகளில் செய்கிறார்கள். முகம் உடனே மாறும், மொத்தக் காலமும் குறையலாம். ஆனால் பற்கள் ஓரளவு ஒழுங்காக இருப்பவர்களுக்கே அது பொருந்தும். அதிலும் கிளிப் இல்லாமல் போவதில்லை, பின்னுக்குப் போகிறது, அவ்வளவுதான். "கிளிப்பே இல்லாமல் ஒப்பரேசன்" என்று யாராவது சொன்னால் இன்னொரு வைத்தியரிடமும் கேளுங்கள்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. ஒப்பரேசனுக்குப் பயந்து "கிளிப்பாலேயே மறைத்துவிடலாம்" என்று பல்லைப் பிடுங்கித் தொடங்கிவிடுகிறார்கள். கோணல் சிறிதென்றால் அது நல்ல வழிதான். பெரிதென்றால் இல்லை. மறைக்கும் வைத்தியம் பற்களை இன்னும் சாய்க்கும், ஒப்பரேசனுக்கான வைத்தியம் நிமிர்த்தும். இரண்டுக்கும் பிடுங்கும் பற்கள்கூடப் பெரும்பாலும் வேறு வேறு. மனம் மாறினால் போன வழியெல்லாம் திரும்பி வரவேண்டும், பிடுங்கிய பல் திரும்பி வராது. ஆகவே முதல் கம்பி ஏற முன்னரே, கிளிப் போடும் விசேட வைத்தியரும் தாடை அறுவை வைத்தியரும் இருவரும் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். பேராதனை பல் போதனா வைத்தியசாலையில் இரு பிரிவும் ஒரே இடத்தில் இருக்கின்றன, அரசாங்க வைத்தியம். ஊர் ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் கடிதம் வாங்கிப் போகலாம். காத்திருப்பு நீளம்தான். ஆனால் வளர்ச்சி நிற்க முன்னர் எப்படியும் இந்த ஒப்பரேசனைப் பொதுவாகச் செய்வதில்லை, கீழ்த்தாடை ஆண்பிள்ளைகளுக்கு இருபது வயதுவரைகூட வளரும்.

"அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா?" என்றும் கேட்கிறார்கள். நாங்கள் ஆலிம்கள் அல்ல. அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதை ஹதீஸ் கண்டித்திருக்கிறது. யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததும் ஹதீஸில்தான் இருக்கிறது. கடிக்கவும் ஓதவும் முடியாத வாய் இதில் எந்தப் பக்கம் என்று உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயம் நியாயமானது. முழு மயக்கத்தில் வாய்க்குள்ளால் எலும்பை வெட்டி, டைட்டேனியத் தகடும் ஆணியும் வைத்துப் பொருத்துகிறார்கள். கீழுதடு மரத்துப்போகும், பலருக்கு மாதக்கணக்கில் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு "வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளையையும் நாம் மதிக்க வேண்டும். முகம் அவளுடையது. பிறகு ஆறு கிழமை அளவில் மெல்ல முடியாது. நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த ஊருக்கு அது பெரிய விசயமில்லை, ஆனால் திகதியை ரமழானுக்கு முட்டாமல் கேட்டு எடுங்கள்.

கலியாணத்தைப் பற்றி அந்த உம்மாவிடம் ஒன்றுதான் சொன்னோம். கம்பியைக் கண்டு திரும்பிப் போகும் மாப்பிள்ளை வீடு திரும்பியே போகட்டும். அவ சிரிக்கவில்லை. அவவுக்கு இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்வது எங்களுக்கு லேசு என்று பிறகு விளங்கியது.

கிளினிக் நாட்களுக்கு வரவில் சிவப்புக் கோடு போடுவதில்லை என்று வகுப்பாசிரியர்கள் பேசி முடித்திருக்கிறோம். முதல் கிளினிக் அடுத்த மாதம். வாப்பா கட்டாரில், அதனால் டீச்சர் ஒருவர் துணைக்குப் போகிறா. மஹியங்கனைப் பாதையில் பதினெட்டு வளைவுக்குத் தேசிக்காய் ஒன்று கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.