நல்லா ஓடுற கணினியை ஏன் வீசணும்?



விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமே என்பீங்க. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேணும். 2017-க்கு முன்பு வந்த இன்டெல் செயலி உள்ள பெரும்பாலான கணினிகளை அது ஏற்காது. கணினி நல்லா ஓடுது, ஆனாலும் "பழசு" ஆகிடுச்சு. கோவில் அலுவலகமோ, தமிழ்ப்பள்ளியோ, அரசாங்க முகப்பிடமோ, எல்லா இடத்திலும் இதே கேள்விதான்: இப்ப என்ன செய்றது?

புதுசு வாங்கலாம். ஆனால் அது உபயகாரர் கொடுத்த காசு, உண்டியல் காசு. கட்டணம் கட்டிப் புதுப்பிப்பை நீட்டிக்கலாம். நிறுவனங்களுக்கான விலை முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 அமெரிக்க டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. அதோடு முடிந்தது. "கள்ளப் பிரதி போட்டா போச்சு" என்று சொல்பவர்களும் உண்டு. சாமி சந்நிதிக்குப் பக்கத்து அறையில் திருட்டு மென்பொருளில் அர்ச்சனை ரசீது அடிப்பது நமக்கு அழகா?

பொதுமக்கள் காசில் நடக்கும் இடங்கள் லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்துக்கு மாறணும் என்பதே எங்கள் கருத்து. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டுமே இலவசம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் சட்டப்படி போடலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் வேலை செய்யும்.

ஆனால் இலவசம் என்பதற்காக மட்டும் ஓடிப்போய் மாறினால் பாதியில் நிற்போம். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் மறுபடியும் விண்டோஸுக்கே போவதாக மன்றம் முடிவெடுத்தது. ஊழியர்களின் புகாரும் அரசியலும் சேர்ந்துகொண்டன. பிரான்சின் ஜென்டார்மெரி காவல்படை வேற மாதிரி செய்தது. 2005-இல் முதலில் ஓப்பன் ஆபிஸ், பிறகு ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்ட். அந்த மென்பொருள்கள் கைக்குப் பழகிய பிறகுதான், 2008 முதல் உபுண்டு. இன்றும் அதில்தான் இருக்காங்க.

நம்ம மலேசியாவுக்கும் இது புதுசு இல்லை. பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு 2004-லேயே வெளியிட்டது. திட்டம் மேலிருந்து வந்தால் மட்டும் போதாது. முகப்பில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். அது தொண்டூழியர்களால் முடியும்.

ஆலய நிர்வாகங்களுக்கு எங்கள் யோசனை:

1. இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ் போட்டு, உபயப் பட்டியலையும் வரவுசெலவையும் சில மாதம் அதில் எழுதிப் பாருங்க.

2. யூஎஸ்பி வழியாக லினக்ஸை ஓடவிட்டு, ரசீது அச்சுப்பொறி வேலை செய்யுதா என்று சோதிங்க. இதற்கு உள்ளே இருக்கும் எதையும் அழிக்கத் தேவையில்லை.

3. கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால், அந்த ஒரு கணினியை விட்டுவிடுங்க. மற்றதை மாற்றுங்க. பழைய தமிழ் எழுத்துருவில் உள்ள கோப்புகளை முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றி வையுங்க.

4. மாற்றும் முன் எல்லாத்தையும் வெளி வன்தட்டில் நகல் எடுங்க. எப்படிச் செய்தோம் என்று தமிழில் எழுதி வையுங்க. இன்று உதவும் பையன் நாளை வேலைக்காக வெளியூர் போயிடலாம்.

கோவில் விளக்கு எரிய எண்ணெய் வாங்கும்போது கூட விலை கேட்டுத்தான் வாங்குறோம். கணினிக்கும் அந்தக் கவனம் வேணும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் "புதுக் கணினி வாங்கணும்" என்று பேச்சு வந்தால், "முதலில் ஒன்றில் லினக்ஸ் போட்டுப் பார்ப்போமா?" என்று யாராவது ஒருத்தர் கேளுங்க.