ஜிமிக்கிச் செடியைப் பிடுங்காதீங்க!



அரையாண்டு லீவு முடிந்து வந்து பார்த்தால் பாத்தியில் பியூஷியா இலையெல்லாம் கருகிக் கிடக்கும். உடனே "செத்துப் போச்சு" என்று வேரோடு பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டுவிடுகிறோம். ஏப்ரலில் மறுபடியும் நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறோம். இது வீண் செலவு மட்டுமில்லை, உயிரோடு இருப்பதைக் குப்பையில் போடுவது என்பது என் கருத்து.

தண்டை நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க. உள்ளே பச்சை தெரிஞ்சா உயிர் இருக்குன்னு அர்த்தம்.

இந்தச் செடிக்கு ஜெர்மனி மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் பெயரை 1703-இல் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் ப்ளூமியே. ஸ்பெயின்காரர்கள் 'ராணியின் தோடு' என்கிறார்கள். எங்க வகுப்பில் ஜிமிக்கி. (எங்க பேர்தான் பொருத்தம்!) இது தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க மலைகளில் வளர்வது. அதனால் நம்ம ஊட்டிக் குளிர் அதுக்குப் பிடிக்கும். உறைபனிதான் ஆகாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்காற்று கனம் என்பதால் பள்ளமான இடத்தில் போய்த் தேங்கும். நம் பாத்தி இருப்பது மைதானத்துக்குக் கீழே, பள்ளத்தில்! அங்கே பனி கொட்டும்போது, நாலு அடி தள்ளி வராந்தாவில் கூரைக்கு அடியில் ஒன்றும் இருக்காது.

தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டி வந்து மூடி வைக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். நமக்கு அவ்வளவு வேலை வேண்டாம். நவம்பரிலேயே செடிகளைத் தோண்டி, பழைய பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டு நட்டு, வராந்தாவில் வைத்தால் போதும்.

"லீவில் யார் தண்ணி ஊத்துவது?" என்று சிலர் கேட்கிறார்கள். குளிர்காலத்தில் தண்ணி அதிகம் ஊற்றினால்தான் வேர் அழுகும். மேல்மண் காய்ந்தால் கொஞ்சம் ஊற்றினால் போதும். வாட்ச்மேன் தாத்தா வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

பிப்ரவரி கடைசியில் கிளைகளை வெட்டிவிட வேண்டும். புதுக்கிளையின் நுனியில்தான் பூ வரும். நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும், ஆனால் அதன்பின் பூக்க இரண்டு மாசத்துக்கு மேல் ஆகும். மே மாத மலர்க்கண்காட்சி சமயத்தில் நம் வாசலிலும் ஜிமிக்கி தொங்கணும்னா மார்ச் முதல் வாரத்தோடு கிள்ளுவதை நிறுத்திடணும். வெட்டிய குச்சியை நட்டால் புதுச்செடியும் கிடைக்கும்.

பாத்தியில் இப்போது 14 செடிகள் இருக்கின்றன. எங்க வகுப்பில் 9 டப்பா சேர்த்துவிட்டோம். இன்னும் 5 வேண்டும். தோட்டக்கார அண்ணன் சரின்னுட்டார். தலைமையாசிரியர் அனுமதிதான் பாக்கி.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி