‘இல்’ படுத்தும் பாடு



சென்ற திங்கள் ஒரு கருத்தரங்கிலே நம் தம்பி ஒருவன் கேள்வி கேட்க எழுந்தான். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று தொடங்கினான். பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. சிரித்தவரும் தமிழரே! தம்பி முகம் சிவந்து, ‘நன்றி’ என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டான். கணக்கில் புலி அவன். கேட்க வந்த கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

அவன் செய்த குற்றம் என்ன? ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குப் பின்னே ‘அபவுட்’ வேண்டியதில்லை. உண்மைதான். ஆனால், ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்றுதானே நாம் பேசிப் பழகியிருக்கிறோம்? அந்தப் ‘பற்றி’தான் ஆங்கிலத்துக்குள்ளும் புகுந்து ‘அபவுட்’ ஆகி நின்றது. ‘டாக் அபவுட்’ சரியென்றால் ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் ஏன் தவறு? வழக்கு என்பதைத் தவிர ஆங்கிலேயரிடமும் வேறு விடை இராது.

பெயருக்கு முன்னே வரும் இச்சிறு சொற்களை முன்னிடைச்சொல் என்று பள்ளியில் படித்தோம். நமக்கோ எல்லாம் பின்னே. பெயருக்குப் பின் உருபு சேர்வது திராவிட மொழிகளின் இயல்பென்று 1856ஆம் ஆண்டிலேயே கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார்.

அவ்வுருபுகளில் பெருந்தொல்லை தருவது ‘இல்’. பெங்களூரில் படிக்கிறேன், மெஜஸ்டிக் நிலையத்தில் நிற்கிறேன், பேருந்தில் வருகிறேன் என்கிறோம். ஒரே உருபு மூன்றிடத்தும் முகம் கோணாமல் வேலை செய்கிறது. ஆங்கிலத்திலோ ஊருக்கு ‘இன்’, நிலையத்துக்கு ‘அட்’, பேருந்துக்கு ‘ஆன்’. சரி, ஊர்திக்கெல்லாம் ‘ஆன்’ போலும் என்று துணிந்தால், காருக்கும் ஆட்டோவுக்கும் ‘இன்’ வந்து நிற்கிறது! எழுந்து நடமாடத்தக்க ஊர்தியானால் ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்காரும் ஊர்தியானால் ‘இன்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். (மாலை ஆறு மணிக்கு மெஜஸ்டிக்கில் பேருந்து ஏறியவர் ‘நடமாடத்தக்க’ என்பதை நம்பமாட்டார்.)

கன்னட நண்பர்களுக்கும் இதே பாடுதான். ‘பெங்களூரினல்லி’, ‘பஸ்ஸினல்லி’ என்று அவர்களுடைய ‘அல்லி’யும் எங்கும் செல்லுபடியாகிறது.

நம் வீட்டிலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் மூன்றை வேற்றுமைக்கே தந்தார். அவற்றுள் ஒன்றின் பெயரே ‘வேற்றுமை மயங்கியல்’! அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் உருபும் வரலாம், இரண்டாம் உருபும் வரலாம் என்று அங்கே அவர் இசைவு தருகிறார். புலியின் அஞ்சினான், புலியை அஞ்சினான், இரண்டும் சரியே. நாமோ இன்று ‘புலிக்கு அஞ்சினான்’ என்று நான்காம் உருபைப் போடுகிறோம். எவரும் சிரிப்பதில்லை.

ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேனும் ஒற்றுமை உண்டா? பிரிட்டனில் ‘அட் தி வீக்எண்ட்’ என்றால் அமெரிக்காவில் ‘ஆன் தி வீக்எண்ட்’. ஒரு முடிவை எதிர்க்கும்போது பிரிட்டனில் ‘புரொடெஸ்ட் அகென்ஸ்ட்’ என்பார்கள். அமெரிக்கர் அந்த ‘அகென்ஸ்ட்’டைக் கழற்றி எறிந்துவிட்டனர். அவர்களைப் பார்த்து நாம் சிரித்தோமா?

அதனால் எப்படியும் எழுதலாம் என்கிறேனா? இல்லை. ஆய்வேட்டிலும் வேலை விண்ணப்பத்திலும் திருத்தமாக எழுதத்தான் வேண்டும். நான் கண்ட வழி ஒன்றே: வினையையும் அதன் துணையையும் பிரிக்காமல் சேர்த்தே நெட்டுருப் போடுவது. ‘டிபெண்ட்’ அன்று, ‘டிபெண்ட் ஆன்’. ‘கன்சிஸ்ட்’ அன்று, ‘கன்சிஸ்ட் ஆஃப்’. அதே பொருள் தரும் ‘கம்ப்ரைஸ்’ மட்டும் செய்வினையில் துணை வேண்டாத் தனியன். ஆனால் அது தனியே அமர்ந்து செய்யும் வேலை. பேச்சிலே, பொருள் தெளிவாக விளங்கிய பின்னும் ஓர் உருபுக்காக ஒருவனை உட்கார வைப்பது எந்த இலக்கணத்தில் உள்ளது?

அன்றிரவு மெஸ்ஸில் அந்தக் கேள்வியைத் தம்பியிடம் கேட்டு வாங்கினேன். பேசியவர் பலகையில் எழுதிய சமன்பாட்டில் ஓர் எல்லை நிபந்தனை விடுபட்டதேன் என்பது கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார். சிரித்த அண்ணனைத்தான் கேட்க வேண்டும்.